அன்னமுத்து சொல்லாத பெயர்

அத்தியாயம் பதினொன்று

சென்ற கிழமை நெடுந்தீவு இறங்குதுறையில், கொட்டுகிற மழையில், ஒரு காலைத் தரையிலும் மறுகாலை எஞ்சின் பூட்டிய லோஞ்சிலும் வைத்தபடி அன்னமுத்துவை நிற்க விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளும் அவள் அப்படியே நின்றிருக்க முடியாது. ஏறிவிட்டாள்.

ஏறாமல் என்ன செய்வாள்? லோஞ்சின் நடுவில் ஓலைப்பாயில் சுருண்டு கிடந்தவர் அவளுடைய புருஷன் கந்தப்பு. மூன்று நாளாக வயிற்றின் வலப்பக்கத்தில் குத்து. விடியற்காலையில் மருந்துச்சாலை அப்போதிக்கரி ஐயா வந்து தொட்டுப் பார்த்தபோது வயிறு பலகைபோல் இறுகியிருந்தது.

"யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் கத்தி வைக்கவேணும். பொழுது படுறதுக்குள்ளை சேர்த்திட்டால் ஒரு வழி இருக்கு. இன்னொண்டு, வயித்து நோ திடீரெண்டு நிண்டால் சந்தோஷப்படாதையுங்கோ. உள்ளுக்கு வெடிச்சுப்போச்செண்டு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மார்கழி மாதம், வாடைக்காற்று முழு மூச்சில் வீசுகிற காலம். கந்தப்புவோடு வழக்கமாக ஓடுகிற சரவணமுத்து வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடைசியில் தன் முழங்காலைப் பார்த்து வாதம் என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டார். லோஞ்சை ஓட்டத் தெரிந்தவன் ஊரில் இன்னும் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் கந்தப்புவின் கூடப்பிறந்த தம்பி ஐயாத்துரை. புரட்டாதி மாதம் தொடக்கம் அண்ணனும் தம்பியும் பேச்சுப் பறைச்சல் இல்லை.

ஏன் இல்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக இரண்டு வரி.

யுத்தம் தொடங்கிக் கொழும்பில் குண்டு விழுந்த பிறகு, கடலில் அந்நியக் கப்பலையோ விமானத்தையோ கண்டால் அறிவிப்பதற்கென்று தீவுப்பகுதி லோஞ்சுகள் மூன்றில் அரசாங்கம் வயர்லஸ் பெட்டி வைத்தது. கொழும்பிலே றேடியோப் பட்டறையில் இரண்டு வருஷம் வேலை பழகிய ஐயாத்துரைதான் தமையனின் லோஞ்சில் அதைப் பொருத்திப் பூட்டினான். பூட்டியதில் சண்டை வரவில்லை. அந்தப் பெட்டிக்குக் கடல்நீரோடு ஒரு தொடுப்பு வேண்டும் என்று, லோஞ்ச் கரையேற்றிக் கிடந்த ஒரு நாள், தமையன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அடிப்பலகையில் துளை போட்டான். வெளிப்பக்கம் ஒரு செப்புத் தகட்டை அறைந்தான். தகட்டிலிருந்து ஓர் ஆணியை உள்ளே இழுத்துக் கம்பியைப் பூட்டினான்.

கந்தப்பு வந்து பார்த்தார். "என்ர வள்ளத்தின்ர வயித்திலை ஓட்டை போட்டவனோடை எனக்குப் பேச்சில்லை," என்றார். அன்றிலிருந்து தம்பியின் பெயரைக்கூட அவர் வாயால் யாரும் கேட்கவில்லை.

இன்று காலை அந்தத் தம்பிதான் அவரைத் தோளில் தூக்கி வந்து லோஞ்சில் கிடத்தினான். அந்த வேதனையிலும் கந்தப்பு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். குடல் வெடித்தாலும் ஆண்பிள்ளைகளின் ரோஷத்துக்கு ஒரு கீறல் விழாது போலிருக்கிறது.

●

புறப்பட்டது எட்டு மணிக்கு. காற்று நேர் எதிரில். எஞ்சின் முக்கி முனகித்தான் போனது. பத்தரை மணியளவில் வலப்பக்கம் தூரத்தில் நயினாதீவுப் பனைகள் மழைக்குள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன.

கந்தப்புவுக்கு நடுக்கம் எடுத்தது. பல்லோடு பல் அடித்தது. சுக்கானைப் பிடித்திருந்த ஐயாத்துரை அதைப் பார்த்தான். சுக்கானைக் காலால் அணைத்துக்கொண்டு, எஞ்சின் பெட்டியை மூடியிருந்த தார்ப்பாயை உருவி எடுத்து, தமையனின் கழுத்துவரை போர்த்துவிட்டான். அன்னமுத்து பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினுக்கு இனி என்ன போர்வை என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஒரு பெரிய அலை பக்கப்பலகையைத் தாண்டி உள்ளே வந்தது. எஞ்சின் மூன்று தரம் இருமிவிட்டு நின்றது.

சத்தம் நின்றதும் கந்தப்புவின் முனகல் பெரிதாகக் கேட்டது. ஐயாத்துரை பாய்ந்து போய் நங்கூரத்தை இறக்கினான். அது அடியைப் பிடித்ததும் லோஞ்ச் காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பி நின்று, ஒவ்வோர் அலைக்கும் துள்ளத் தொடங்கியது.

"என்ன ஐயாத்துரை?"

"மக்னீற்றோ நனைஞ்சுபோச்சு, மச்சாள். பொறி வருகுதில்லை. பயப்பிடாதையுங்கோ, காய வைச்சால் சரி."

அவன் பிளக்கைக் கழற்றி எஞ்சினின் இரும்பில் சாய்த்து வைத்துவிட்டு, "சுத்துங்கோ," என்றான். அன்னமுத்து கைபிடியைப் பிடித்துச் சுற்றினாள். நெல்லுக் குத்திய கை, நன்றாகவே சுற்றினாள். பிளக்கின் முனையில் ஒரு பொறிகூடத் தெறிக்கவில்லை. ஆசுப்பத்திரிக்கென்று அவள் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்த கந்தப்புவின் உலர்ந்த வேட்டியை வாங்கி, மக்னீற்றோவைப் பிரித்து உள்ளும் புறமும் துடைத்தான். திரும்பவும் சுற்றினாள். இல்லை. தார்ப்பாயின் ஒரு மூலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, அரிக்கன் லாம்பைக் கொளுத்தி மக்னீற்றோவின் கீழே வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நீராவி கிளம்பியது. காய்கிறது என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள்.

திரும்பப் பூட்டிச் சுற்றியபோது ஒரே ஒரு பொறி நீலமாகத் தெறித்தது. அன்னமுத்து "நயினை அம்மாளே!" என்று கத்திவிட்டாள். அடுத்த சுற்றில் எரிந்த அரக்கின் மணம் வந்தது.

ஐயாத்துரை கையை எடுத்துவிட்டான்.

"உள்ளுக்குச் சுத்தியிருக்கிற கம்பி கருகிப்போச்சு. இனி இது ஏலாது, மச்சாள்."

"பாய்மரத்திலை பாய் விரிச்சால்?"

"பாயெங்கை? எஞ்சின் வந்த அண்டைக்கே அண்ணை அதைக் கழட்டி வைக்கல்போருக்குப் போட்டவர். இருந்தாலும் இந்தக் காத்துக்கு எதிராப் பாயாலை என்ன செய்யிறது."

இரண்டு துடுப்பு இருந்தது. வாடைக்கு எதிராக நான்கு பேர் வலித்தாலும் அந்த லோஞ்ச் நகராது. இந்த மழையில் வேறு வள்ளமும் கடலில் இல்லை. ஐயாத்துரை கைக்கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்தான். பன்னிரண்டரை. பொழுது படுவதற்கு இன்னும் ஐந்தரை மணித்தியாலம். அதற்குள் ஊர்காவற்றுறை போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டும்.

"வயர்லஸ் இருக்கு," என்றான்.

●

முன்பக்கத்து மூடிய மாடத்துக்குள் இருந்த அந்தச் சாம்பல்நிறப் பெட்டியைக் கண்டால் அன்னமுத்துவுக்கு ஆகாது. குடும்பத்தை இரண்டாக்கிய பெட்டி. அது வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட வாய் திறந்து பேசியதுமில்லை. எதிரியைக் கண்டாலொழியப் பேசக்கூடாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்பது யுத்தக் கட்டளை. பூட்டிய அன்று சோதித்துப் பார்த்ததோடு சரி.

ஐயாத்துரை சுவிச்சைப் போட்டான். உள்ளே வால்வுகள் மெல்ல மெல்லச் சிவந்தன. கொஞ்சம் இரைச்சல், பிறகு தெளிவான ஒரு மனிதக் குரல். கரை நிலையம் எழுவைதீவுப் பக்கத்து லோஞ்சுக்குக் காற்றின் வேகம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் குரலைக் கேட்டதும் அன்னமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. நாலரை மணித்தியாலத்துக்குப் பிறகு இந்த உலகத்தில் வேறு மனிதரும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஐயாத்துரை மைக்கை எடுத்து அதன் சுவிச்சை விரலால் அழுத்தி அமத்தினான். "கரை நிலையம், கரை நிலையம், இது கந்தப்பு. இது கந்தப்பு. அவசரம்."

அன்னமுத்து பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். லோஞ்சுகளை உடைமைக்காரர் பெயரால் அழைப்பது நிலையத்தின் வழக்கம். ஆனால் அவள் கல்யாணம் செய்து பதினேழு வருஷத்தில் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. குடிமதிப்புக் கணக்கெடுக்க வந்த விதானையார் புருஷன் பெயரைக் கேட்டபோது பக்கத்து வீட்டுச் செல்லாச்சியைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தவள். கந்தசஷ்டியைக்கூட 'அந்த ஆறு நாள் விரதம்' என்றுதான் சொல்லுவாள். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று அவளுடைய தாய் சொல்லிக் கொடுத்திருந்தாள். இன்றைக்கு அந்த ஆயுளில் குறைக்க என்ன மிச்சம் இருந்தது என்று கேட்காதீர்கள். பயத்துக்குக் கணக்குத் தெரியாது.

நிலையம் மறுமொழி சொல்லவில்லை. ஐயாத்துரை பத்துத்தரம் கூப்பிட்டான், இருபதுதரம் கூப்பிட்டான். நிலையத்துக் குரல் அவன் ஒருவன் இருப்பதையே அறியாமல், அனலைதீவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"அவை பேசுறது எங்களுக்குக் கேக்குது. நாங்கள் பேசுறது அவைக்குக் கேக்கேல்லை," என்றான் ஐயாத்துரை. "இஞ்சை பாருங்கோ, மச்சாள். இந்தச் சின்ன பல்ப். சுவிச்சை அமத்தினால் இது எரியவேணும். எரிஞ்சால்தான் பேச்சு வெளியிலை போகுதெண்டு அர்த்தம்."

கடலை அளவில் ஒரு பல்ப் பெட்டியின் முகத்தில் இருந்தது. அவன் அமத்தி அமத்திக் காட்டினான். அது குருட்டுக் கண்போல் இருந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தான். பற்றறியில் ஒரு மின்லாம்பின் கம்பியைத் தொடுத்தான்; லாம்பு எரிந்தது. பெட்டியைத் திறந்து வால்வுகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. ஆடுகிற பாய்மரக் கம்பில் தொற்றி ஏறினான். ஏரியல் கம்பியைத் தாங்குகிற பீங்கான் குமிழ்களில் உப்புப் படிந்து கிடந்தது. அன்னமுத்து குடிதண்ணீர்ச் செம்பை எட்டிக் கொடுத்தாள், கழுவித் துடைத்தான். இறங்கி வந்து அமத்தினான். பல்ப் எரியவில்லை. பெட்டியிலிருந்து அடிப்பலகைக்குப் போகிற கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனான். அன்னமுத்து உள்ளே நின்ற தண்ணீரைப் பனையோலைப் பட்டையால் இறைத்துக் கொடுக்க, ஆணியைக் கண்டுபிடித்து, கத்தியால் பளபளவென்று சுரண்டி, திரும்ப முறுக்கினான்.

எரியவில்லை.

ஐயாத்துரை நனைந்த தலையைக் கையால் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே முணுமுணுத்தான்: "ஏரியல் சரி. ஆணி சரி. இனி மிச்சம் வெளியிலை இருக்கிற தகடுதான். அது செம்பு. கடல் அதை ஒண்டும் செய்யாது."

அன்னமுத்துவின் கையிலிருந்த பட்டை தண்ணீரில் விழுந்தது.

●

ஐப்பசி மாதத்தில் நடந்தது அது. மாரிக்கு முன் லோஞ்சுக்குத் தார் பூசவென்று மறுபடியும் கரையேற்றியிருந்தார்கள். கந்தப்பு பின்னேரம் தோறும் போய் அதன் அடியில் குந்தியிருந்து அந்தச் செப்புத் தகட்டைப் பார்ப்பார். கறுத்த பலகையில் அது மட்டும் சிவப்பாகத் தெரியும். வீட்டுக்கு வந்தால் சோற்றைக் கிண்டுவார், எழும்பிவிடுவார். ஐந்து நாள் இப்படி.

ஆறாம் நாள் அவர் சந்தைக்குப் போன நேரம் அன்னமுத்து தார்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். சுறா எண்ணெயை அளவாகக் கலந்து, தகடு தெரியாமல் பூசினாள். காயவிட்டு இன்னொரு தரமும் பூசினாள். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றிரவு கந்தப்பு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். தகடு எங்கே என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குடும்பத்தில் ஒரு சண்டையை ஒரு சட்டி தாரால் மூடிவிட்டோம் என்று அவள் நிம்மதியாகப் படுத்தாள்.

இப்போது அந்தச் சட்டி தார் அவள் புருஷனின் கழுத்தில் ஏறி நின்றது.

சொன்னால் என்ன ஆகும்? ஐயாத்துரை ஏசுவான். கந்தப்புவின் காதில் விழும். சாகக் கிடக்கிற மனிதர், பெண்சாதியாலேதான் சாகிறேன் என்று தெரிந்து சாவார். சொல்லாவிட்டால்? அவள் பாயைத் திரும்பிப் பார்த்தாள். கந்தப்புவின் உதடு வெடித்திருந்தது. அவர் வாய் திறந்து திறந்து மூடியது.

"அந்தத் தகட்டிலை நான் தார் பூசினனான்," என்றாள்.

"என்ன?"

"ஐப்பசியிலை. அவர் அதைப் பாத்துப் பாத்துச் சாப்பிடாமல் கிடந்தார். கண்ணிலை படாமல் இருக்கட்டுமெண்டு..."

ஐயாத்துரை தண்ணீருக்குள் முழங்காலை ஊன்றி அவள் பக்கம் திரும்பினான். "எவ்வளவு பூசினனீங்கள்?"

"ரெண்டு தரம். சுறா எண்ணெயும் கலந்து."

"ஐயோ மச்சாள்! அதிலை ஒண்டும் படக்கூடாது. தகடு தண்ணியைத் தொடவேணும். நான் துளை போட்ட அண்டைக்கே அண்ணைக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்."

"எனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள் அன்னமுத்து. "தார்ச்சட்டி கழுவுறது நான். வள்ளத்துக்கு எண்ணெய் காய்ச்சிறது நான். எனக்கு ஆரேன் ஒரு வார்த்தை சொன்னியளோ?"

பெண்பிள்ளைக்கு ஏன் வயர்லஸ் என்று ஐயாத்துரை நினைத்திருந்தான்.

அவன் எழும்பிச் சட்டையைக் கழற்றினான். பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற உளியைத் தேடி எடுத்தான்.

"கீழை போய்ச் சுரண்டுறன்."

"இந்தக் கடலிலையோ? பலகை தலையிலை அடிச்சால்?"

"வேறை வழி இருந்தால் சொல்லுங்கோ, மச்சாள்."

அவன் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டி, மறு நுனியை அவளுடைய இடக்கை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினான். மைக்கை வலக்கையில் வைத்தான்.

"நான் ஒவ்வொருக்காலும் கீழை போகேக்கை சுவிச்சை அமத்திப் பாருங்கோ. பல்ப் எரிஞ்சால் இந்தப் பலகையிலை மூண்டு தரம் தட்டுங்கோ. நான் மேலை வந்து பேசுறன். ஆனா பற்றறி இறங்கிக்கொண்டு போகுது. ஏதும் பிந்தினால் நீங்கள்தான் பேசவேணும்."

"நானோ! நான் என்னத்தைப் பேச?"

"மூண்டு வசனம். நாங்கள் ஆர். நயினாதீவுக்கு மேற்கை மூண்டு கட்டை தூரத்திலை நங்கூரம் போட்டு நிக்கிறம். வருத்தக்காரர் இருக்கிறார், கத்தி வைக்கவேணும். அவ்வளவுதான்."

"நாங்கள் ஆரெண்டு..."

"அண்ணையின்ர பேரைச் சொல்லவேணும், மச்சாள். பேரில்லாமல் கூப்பிட்டால் அவை மறுமொழி தரமாட்டினம். யுத்தச் சட்டம்."

"நீ வந்து சொல்லு, ஐயாத்துரை. நீ கெதியா வந்து சொல்லு."

அவன் ஒருமுறை தமையனைப் பார்த்தான். பிறகு பக்கப்பலகையைத் தாண்டி இறங்கிவிட்டான்.

●

முதல் தரம் போனவன் உடனேயே மேலே வந்தான். அடிப்பலகை தூக்கித் தூக்கி அடித்ததில் கைபிடிக்க ஓரிடமும் இல்லை. இரண்டாம் தரம் கொஞ்ச நேரம் இருந்தான். அன்னமுத்துவின் காலடியில் பலகைக்குக் கீழே உளி கிறீச் கிறீச்சென்று சுரண்டுவது கேட்டது. அமத்தினாள். பல்ப் எரியவில்லை. மூன்றாம் தரம் வந்தபோது அவன் தோளில் சிப்பி கிழித்து இரத்தம் ஓடியது.

"கல்லுமாதிரிக் கிடக்குது, மச்சாள். நல்லாத்தான் பூசியிருக்கிறியள்," என்று மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். அன்னமுத்துவுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

நான்கு, ஐந்து, ஆறு. கயிறு இழுபடும், உளி சுரண்டும், தலை வெளியே வரும், பலகையைப் பிடித்து இருமும், திரும்பவும் போகும். மணி இரண்டரையைத் தாண்டியிருக்கும்.

அப்போதுதான் கந்தப்புவின் முனகல் நின்றது.

அன்னமுத்து திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் மல்லாந்து, கால்களை நீட்டிப் படுத்திருந்தார். மூன்று நாளாக மடங்கிக் கிடந்த கால்கள். முகம் தெளிந்திருந்தது.

"இஞ்சாருங்கோ! நோ எப்பிடி?"

"இல்லை," என்றார் கந்தப்பு, கண்ணைத் திறக்காமலே. "இப்ப நோவில்லை. சுகமா இருக்கு."

காலையில் அப்போதிக்கரி ஐயா சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது.

"ஐயாத்துரை!" என்று அலறினாள். அவன் கீழே இருந்தான். அவள் சுவிச்சை அமத்தினாள்.

கடலை அளவு பல்ப் செம்மஞ்சளாக எரிந்தது.

ஒரு கணம் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கையை எடுத்தாள், அணைந்தது. அமத்தினாள், எரிந்தது. மைக்கின் அடியாலே பலகையில் மூன்று தரம் தட்டினாள். வா, வந்து பேசு. கயிற்றில் ஓர் இழுப்பு வந்தது. ஆனால் அவன் வரவில்லை. உளி இன்னும் சுரண்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினால் இன்னும் நன்றாகப் போகும் என்று நினைத்தானோ என்னவோ.

பல்ப் மங்கத் தொடங்கியது. பற்றறி.

"கரை நிலையம்!" என்று அன்னமுத்து கத்தினாள். "கரை நிலையம்! ஐயா! ஆரேன் இருக்கிறியளோ?" சுவிச்சை விட்டாள்.

இரைச்சல். பிறகு, "அழைப்பது யார்? பெயரைச் சொல்லவும்."

"ஐயா, அவசரம் ஐயா. ஆள் சாகக் கிடக்குது. எஞ்சின் நிண்டுபோச்சு."

"யார் பேசுவது? பெயரைச் சொல்லவும்."

"நெடுந்தீவு லோஞ்ச், ஐயா."

"ஊர்ப் பெயர் போதாது. எந்த லோஞ்ச்? பெயர் இல்லாத அழைப்புக்குப் பதில் சொல்ல அனுமதியில்லை."

"எங்கடை லோஞ்ச்... அவரின்ர லோஞ்ச்..."

"பெயர்?"

அவள் பல்ப்பைப் பார்த்தாள். நெருப்புக்குச்சி அணைந்த பிறகு மிஞ்சுகிற சிவப்பளவுதான் இருந்தது. கயிற்றைப் பார்த்தாள். ஐயாத்துரை வரவில்லை. பாயைப் பார்த்தாள்.

"கந்தப்பு," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

"கேட்கவில்லை. திரும்பச் சொல்லவும்."

அன்னமுத்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்து வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"கந்தப்பு! கந்தப்பு! என்ர புருஷன் கந்தப்பு! நயினாதீவுக்கு மேற்கை மூண்டு கட்டையிலை நங்கூரம் போட்டு நிக்கிறம். வயித்துக்குள்ளை வெடிச்சுப்போச்சு. கத்தி வைக்கவேணும். கந்தப்பு, ஐயா, கந்தப்பு!"

சுவிச்சை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கந்தப்பு, கேட்கிறது," என்றது குரல். அந்த அரசாங்கக் குரலில் அவசரம் வந்திருந்தது. "நயினாதீவுக்கு மேற்கே மூன்று மைல். ஊர்காவற்றுறையிலிருந்து கடற்படைப் படகு இப்போதே புறப்படும். ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும். வைத்தியருக்கும் அறிவிக்கிறோம். நங்கூரத்தை எடுக்க வேண்டாம். பயப்படாதீர்கள், அம்மா."

'கேக்குது ஐயா' என்று சொல்லச் சுவிச்சை அமத்தினாள். பல்ப் எரியவில்லை. வால்வுகளும் கறுத்துப்போயின. பெட்டி தன் வேலையை முடித்துவிட்டது.

அன்னமுத்து விம்மி விம்மி அழுதாள். ஒரு மணித்தியாலம். மூன்று மணிக்குள் செய்தி போய்விட்டது, நாலு மணிக்குப் படகு, ஆறு மணிக்குள் யாழ்ப்பாணம். போய்விடலாம். இன்னும் போய்விடலாம்.

"ஆர் என்ர பேரைச் சொன்னது?"

கந்தப்பு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றாள். "வேறை வழியில்லாமல் போச்சு. குறை நினையாதையுங்கோ."

அவருடைய வெடித்த உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "நல்லாத்தான் கூப்பிட்டனீர். நயினாதீவுக்கே கேட்டிருக்கும்."

"தகட்டிலை தார் பூசினதும் நான்தான்."

"தெரியும்," என்றார் கந்தப்பு. "எனக்கு அண்டைக்கே தெரியும்." கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டார். பார்வை சுக்கான் பக்கம் போய், எஞ்சின் பக்கம் போய், திரும்ப அவளிடம் வந்தது. "தம்பி எங்கை?"

மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த சொல். இதைக் கேட்க அவன் மேலே இல்லையே என்று அன்னமுத்துவுக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தன. "கீழை நிக்கிறார். சுரண்டிக்கொண்டு நிக்கிறார். கூப்பிடுறன்," என்று சொல்லி, பலகையில் மூன்று தரம் தட்டினாள்.

உளிச் சத்தம் கேட்கவில்லை.

அது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டைப் பார்த்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபோது கயிறு ஒரு சுற்று நழுவியிருந்தது. மற்றச் சுற்று தொளதொளவென்று தொங்கியது. திரும்பவும் மூன்று தரம் தட்டினாள். திரும்பவும் தட்டினாள். பிறகு கயிற்றை இழுத்தாள். அது கனமில்லாமல், இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் பலகையைத் தாண்டி நுனியும் வந்தது. முடிச்சு இல்லை. சிப்பியில் தேய்ந்து அறுந்த நுனி.

அன்னமுத்து அதைக் கையில் பிடித்தபடி நின்றாள். மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை, சொல்லவும் தெரியவில்லை.

கந்தப்பு நுனியைப் பார்த்தார். காலையிலிருந்து எழும்ப முடியாமல் கிடந்த அந்த மனிதர், முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"ஐயாத்துரை!" என்று கூப்பிட்டார்.

மறுமொழி வரவில்லை. பக்கப்பலகையை எட்டிப் பிடித்துக்கொண்டு, அவர் மறுபடியும் கூப்பிட்டார்.